வீட்டுக்கு ஒரு உச்சரிப்பு

ஜனவரி 4

என் மனைவி ஹெப்சிபா, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வருடா வருடம் கொண்டுவரும் மருந்துக் கம்பெனி டைரியில் நான் இதுவரை நாட்குறிப்பு எழுதியதே இல்லை. அரிய ஆங்கிலச் சொற்களின் பட்டியல்தான் எழுதுவேன். இந்த வருடம் தேதிப்படி எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்று மாலை ஐந்து மணிக்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தான் அயர்லாந்துக்கு வேலைக்குப் போகப் போவதாக ஹெப்சிபா சொன்னாள்.

டீயில் சர்க்கரை குறைவு என்று சொல்லும் குரலிலேயே சொன்னாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. போனிலேயே நேர்காணல் முடிந்துவிட்டதாம். எனக்குத் தெரியாமல் மாடியில் நின்று பேசியிருக்கிறாள். நான் துணி காயப்போடுகிறாள் என்று நினைத்திருந்தேன். ஜூன் முடிவதற்குள் நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

"நாப்பத்தி நாலு வயசுல என்னத்துக்கு?" என்றேன்.

"எனக்குக் கீழ வேல படிச்ச பிள்ளைக பதினோரு பேரு போயாச்சுங்க. ஒவ்வொருத்திக்கும் நான்தான் கேக் வெட்டி வழியனுப்பியிருக்கேன். இனியும் கேக் வெட்ட என்னால முடியாது."

கேக் பிடிக்காவிட்டால் லட்டு வாங்கலாமே என்றேன். சிரிக்கவில்லை.

ஜனவரி 5

யோசித்துப் பார்த்தேன். ஆங்கிலத் தேர்வு என்று வந்துவிட்டால் வாத்தியாரைத் தேடி அவள் வெளியே போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பலகை சார் வீடு' என்றால் ஆட்டோ நேரே வாசலில் வந்து நிற்கும். பத்தொன்பது வருடமாக என் டியூஷன் சென்டர் மதிற்சுவரில் கரும்பலகை மாட்டி, தினம் காலையில் ஒரு அரிய ஆங்கிலச் சொல், தமிழில் அதன் பொருள், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு என்று எழுதிவருகிறேன். மழை நாளில் மட்டும் விடுமுறை.

தேர்வு மதுரையில். நான்கு பகுதி. கடைசிப் பகுதி பேச்சு. எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். அவரிடம் ஐந்து நிமிடம் நர்ஸாகப் பேச வேண்டும். அதை என்னிடம் விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 11

தினம் ஐந்து சொல் கொடுக்கிறேன். அவள் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருவாள். எனக்கு டியூஷன் ஏழு மணிக்கு. இடைப்பட்ட இரண்டு மணி நேரம் அவள் சின்ன வெங்காயம் உரிப்பாள், நான் சொல் சொல்வேன். வயிறு கடமுட என்று உருளும் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் 'போர்பரிக்மஸ்' என்று ஒரு சொல் இருப்பது இருபத்திரண்டு வருட நர்ஸுக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தான் தெரிந்தது.

"நோயாளிக்குத் தெரியுமாங்க?" என்றாள்.

"தெரிந்துகொள்ளட்டும்" என்றேன்.

தலைவலி, காய்ச்சல் எல்லாம் எவரும் சொல்லும் சொற்கள். மதுரைக்குப் போய் உட்கார்ந்து அதையே சொன்னால் தேர்வாளர் என்ன நினைப்பார்?

ஜனவரி 19

இப்போதெல்லாம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சமைக்கிறாள். ஆங்கிலம் கேட்கிறாளாம். நான் வாசலில் இருந்தபடி வழக்கம்போல "விக்டுவல்ஸ் ரெடியா?" என்று கேட்டேன். உணவுப் பண்டங்கள் என்று பொருள். கல்யாணமான மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு இதுதான் பெயர். இட்லியானாலும் சரி, பழைய சோறானாலும் சரி. அவளும் "விக்டுவல்ஸ் ரெடி" என்று பதில் சொல்லித்தான் தட்டு வைப்பாள்.

இன்று கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. இயர்போன் காரணமாக இருக்கும்.

ஜனவரி 20

பலகையில் இன்று: எபிடோம். ஒன்றின் முழு உருவாக விளங்குவது. ஹெப்சிபா வேலைக்குக் கிளம்பும்போது பலகை முன்னால் ஒரு நிமிடம் நின்றாள்.

"இத யாரும் சொல்லிக் கேட்டிருக்கியளா?"

"அகராதியில் இருக்கிறது."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, பலகையின் மூலையில் இருந்த சுண்ணாம்புத் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 13

அவளுடைய சான்றிதழ்கள் இருந்த கவரைக் காணோம். தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் எடுத்து வைத்தேன். எங்கே என்றுதான் நினைவில்லை. எனக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்கும் பழக்கம் உண்டு. அதில் வரும் சங்கடம் இது.

பிப்ரவரி 22

கவர் கிடைத்துவிட்டது. என் பெரிய அகராதிக்குள் இருந்ததாம். ஹெப்சிபாவே எடுத்தாள். ஒன்பது நாள் போனது. ஆனாலும் கடைசி நாளுக்கு முன்னால் விண்ணப்பித்துவிட்டாள். அகராதி தடிமனானது. அதில் எதுவும் சிக்கிக்கொள்ளும்.

மார்ச் 16

மதுரை. தேர்வு முடியும்வரை எதிர்ச் சாரி டீக்கடையில் இருந்தேன். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போலத் துணைக்கு வந்த கணவன்மார்கள். எல்லார் மடியிலும் மனைவியின் கைப்பை. பக்கத்தில் இருந்தவரிடம் போர்பரிக்மஸ் பற்றிச் சொன்னேன். அவர் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் ஹெப்சிபா, "நீங்க சொல்லிக்குடுத்தது எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள். நான் பரோட்டா இரண்டு செட் சாப்பிட்டேன். அவள் டீ மட்டும் குடித்தாள்.

ஏப்ரல் 2

முடிவு வந்தது. மூன்று பகுதியில் தேர்ச்சி. பேச்சில் இல்லை.

தேர்வாளருக்குச் சொல்வளம் போதாது என்றேன். அப்போதுதான் அவள் நடந்ததைச் சொன்னாள். நோயாளியாக நடித்தவர் மறுநாள் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகும் பெரியவர். பயமாக இருக்கிறது என்றாராம். இவள் நான் எழுதிக்கொடுத்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள்: "யுவர் ட்ரெப்பிடேஷன் இஸ் எஃபெமரல்." உங்கள் நடுக்கம் நிலையற்றது என்று பொருள். அருமையான வாக்கியம்.

"அதுக்கு அவரு என்ன கேட்டாரு தெரியுமா? 'நர்ஸம்மா, இது பொழைக்கிற வியாதிதானா'ன்னு கேட்டாரு. நடிக்கிற ஆளு நெசமாவே பயந்து போனாரு. எந்திரிச்சு ஓடாததுதான் பாக்கி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போனவள் வெகுநேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தாள்.

எனக்கு இன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. ஏன் என்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 5

மே 25-ஆம் தேதி இன்னொரு தேர்வு இருக்கிறது. அதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். "இந்தத் தடவ நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

பார்த்துக்கொள்ளட்டும். என்னிடம் படித்த பிள்ளைகள் பேங்கில் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 24

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

பலகையில் காலையில் 'ஹைப்பர்போல்' என்று எழுதியிருந்தேன். மிகைப்படுத்திச் சொல்வது. எங்கள் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர் சுடலைமுத்து பலகையின் முதல் வாசகர். தினம் படித்துவிட்டு அன்றைக்கு வண்டியில் ஏறுபவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பார். மத்தியானம் கோபமாக வந்தார்.

"சார், ஒரு அம்மா ஏறுனாங்க. காலேஜ்ல இங்கிலீஷ் புரபசராம். அது ஹைபர்பலின்னு சொல்லுதாங்க. நான் விடல. எங்க சார் எழுதுனா எழுதுனதுதான், நீங்க வேற ஆட்டோ பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

"இறக்கிவிட்டீரா?"

"பாதி வழில, சார்."

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு, ஹெப்சிபா சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோன போனை எடுத்தேன். அதில் அவள் ஆங்கிலம் படிக்கும் இணையப் பக்கத்தில் சொல்லைத் தட்டினால் ஒரு வெள்ளைக்காரி உச்சரிக்கிறாள். தட்டினேன். ஹைபர்பலி. எபிடோம் என்று தட்டினேன். எபிட்டமி என்றாள். நான் தட்டத் தட்ட அவள் மரியாதையான குரலில் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாற்பது சொல் தட்டியிருப்பேன். இருபத்தாறு தவறு.

என் அகராதி பழைய புத்தகக் கடையில் வாங்கியது. உச்சரிப்புக் குறிகளை விளக்கும் முதல் பக்கங்கள் வாங்கும்போதே கிழிந்திருந்தன. குறிகளின் ஒலியை நானே ஊகித்துக்கொண்டேன். இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லும் ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் அவற்றைச் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

போனுக்கு அடியில் அவளுடைய நோட்டு இருந்தது. எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். நான் கொடுத்த சொற்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம். ஒன்றுக்குத் தலைப்பு 'பரீட்சைக்கு'. இன்னொன்றுக்கு 'வீட்டுக்கு'. முதல் கட்டத்தில் வெள்ளைக்காரி சொல்வது. இரண்டாவதில் நான் சொல்வது. விட்டில்ஸ், விக்டுவல்ஸ். இரண்டையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். என்னிடம் ஒப்பிக்கும்போது ஒரு நாள்கூடக் கட்டம் மாறவில்லை.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஏப்ரல் 25

பலகை காலி.

ஏப்ரல் 26

காலி. சுடலைமுத்து வந்து, "மழையும் இல்லியே சார்?" என்று வானத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 28

ஹெப்சிபா காரணம் கேட்டதற்குச் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்றேன். இன்று ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிக்கொண்டு வந்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. "பொங்கல் சமயத்துலயே தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். காலைல பலகைல எழுதிட்டு நாலடி தள்ளி நின்னு பாப்பிய பாருங்க, அந்த மொகத்த நீங்க பாத்ததில்ல. நான் தெனமும் சன்னல் வழியா பாக்குதேன். அதப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?"

"ஊரே சிரித்திருக்கும்."

"ஊருக்கு என்னங்க தெரியும்? ஊருக்கே நீங்கதான சொல்லிக்குடுத்திய?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மே 3

பலகை மறுபடி. இப்போது எழுதுமுன் வெள்ளைக்காரியிடம் கேட்டுக்கொள்கிறேன். சுடலைமுத்து அந்தப் புரபசரம்மாவைத் தேடிப் பிடித்து, ஒரு நாள் காசு வாங்காமல் கல்லூரியில் கொண்டுபோய் விட்டாராம்.

மே 6

ஹெப்சிபாவுக்குப் பேசிப் பழக ஆள் வேண்டும். "நீங்கதான் நோயாளி" என்று சொல்லிவிட்டாள். போனில் அட்டைகள் வருகின்றன. உனக்கு என்ன வியாதி, என்ன கவலை என்று அட்டையில் இருக்கும். அதன்படி நான் நடிக்க வேண்டும்.

முதல் அட்டை: கணுக்கால் சுளுக்கு. நான் கொஞ்சம் முனகினேன், கொஞ்சம் உருண்டேன், கடைசியில் கண்ணை மூடினேன்.

"சுளுக்குக்கு யாரும் சாக மாட்டாங்க. எந்திரிங்க" என்றாள்.

மே 12

இன்றைக்கு எனக்குச் சர்க்கரை, நேற்று மூல வியாதி. அதற்கு முந்தினநாள் ஆறு மாதக் கர்ப்பிணியாகக்கூட இருந்தேன். எந்த வியாதியாக இருந்தாலும் ஹெப்சிபா ஒரே மாதிரிதான் தொடங்குகிறாள். முதலில் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப்போடுகிறாள். "டெல் மீ" என்கிறாள். பிறகு வாயைத் திறப்பதில்லை, நான் முடிக்கும்வரை கேட்கிறாள். நான் கொடுத்த முந்நூறு சொற்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எல்லாம் நான்காம் வகுப்புச் சொற்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூல வியாதியே இல்லாத எனக்கு அது குணமானது போல இருந்தது.

மே 19

இன்று வந்த அட்டை: இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளி. வயது ஐம்பது. பிள்ளைகள் இல்லை. வீட்டில் தனியாக இருக்க வேண்டும். உங்கள் கவலையை நர்ஸிடம் சொல்லுங்கள்.

அவள் போனில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு, "டெல் மீ" என்றாள்.

இடுப்பைப் பற்றித்தான் தொடங்கினேன். மாடிப்படி ஏற முடியுமா என்று கேட்டேன். பதில் சொன்னாள். வேறு என்ன கவலை என்று கேட்டாள். அப்போது என் வாயிலிருந்து வந்தது: "ஹூ வில் பி வித் மீ?"

என் வாழ்நாளில் நான் பேசிய ஆங்கிலத்தில் இதைவிட எளிய வாக்கியம் கிடையாது. உச்சரிப்பில் தவற ஒன்றுமே இல்லை.

எந்த நேரம் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நல்ல நர்ஸ் அப்படித்தான் கேட்க வேண்டும். ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை என்றேன். அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றாள். வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன். அலாரம் அடித்தது. அவள் அதை அணைக்காமல் இருந்தாள். அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

"அந்தக் கவர அகராதிக்குள்ள வச்சது நான்தான்" என்றேன். தமிழில்.

"தெரியும். அஞ்சு சர்ட்டிபிகேட்டு தானா நடந்து போயி அதுக்குள்ள ஏறுமா?"

"நீ பெயில் ஆனபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஹெப்சி."

"அன்னைக்கு மூணு தடவ சோறு வாங்குனிய. அப்பவே தெரியும்."

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒரு ஆள் போனால் எத்தனை என்று கணக்குப் போடத் தெரியாமல் இல்லை.

நான் அழுதேன் என்று அவள் சொல்கிறாள். வெங்காயம்தான். அவளும் அழுதாள். அவளுக்கும் வெங்காயம்தான். நான் போகவில்லையென்றால் உங்களுக்கு நிம்மதியா என்று கேட்டாள். இல்லை, மறுபடி நீ கேக் வெட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கும் முடியாது என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை, ஆனால் உண்மை.

"ஒரு வருஷம் கழிச்சு உங்களயும் கூப்பிட்டுக்கிடலாமாம். அங்க வந்து என்ன செய்வீங்க?"

"பலகை மாட்டுவேன்."

"அங்க உள்ளவங்க திருத்துவாங்களே."

"திருத்தட்டும்" என்றேன்.

மே 25

மதுரை. அதே டீக்கடை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் பேசவில்லை. வெளியே வந்தவள், "ரெண்டு செட் பரோட்டா சொல்லுங்க. எனக்கு" என்றாள்.

ஜூன் 14

தேறிவிட்டாள். பேச்சில்தான் எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண். நான்காம் வகுப்புச் சொற்களுக்கு!

ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்களாம். இந்தத் தடவை கத்தியை இன்னொருத்தி பிடித்தாளாம். எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 21

விமானம் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 27

ஐந்து மணிக்கு டீ போட்டேன். இரண்டு கிளாஸ் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தேன். உட்கார்ந்ததும் போன் அடித்தது. அங்கே அப்போது பகல் பன்னிரண்டரையாம். சாப்பாட்டு இடைவேளை அந்த நேரம்தான் வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"இப்ப வெங்காயம் நீங்க உரிங்க. நான் பாக்குதேன்" என்றாள். வீடியோவில் பார்த்து, தோலோடு பாதி வெங்காயத்தையும் எறிவதாகக் குறை சொன்னாள்.

ஆகஸ்ட் 9

இன்று வந்த போனில் குரல் உற்சாகமாக இருந்தது.

அவளுடைய வார்டில் தொண்ணூற்றொரு வயதுக் கிழவி ஒருவர் இருக்கிறாராம். பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாக இருந்தவர். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. யார் தட்டு கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்று ஹெப்சிபா தட்டோடு போனபோது, எப்படி வந்தது என்று தெரியவில்லையாம், "விக்டுவல்ஸ் ரெடி" என்று வாயில் வந்துவிட்டது.

"பரீட்சைக்கு உள்ளதுதாங்க வரணும். வீட்டுக்கு உள்ளது வந்துட்டு. தட்டப் புடிச்சா அதுதான் வருது."

கிழவி திரும்பிப் பார்த்தாராம். மறுபடி சொல் என்றாராம். இவள் சொன்னாள். கிழவி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் விழித்துக்கொண்டார். இது எந்த நாட்டு உச்சரிப்பு என்று கிழவி கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"பாளையங்கோட்டை உச்சரிப்புன்னு சொன்னேன். எங்க வீட்டுல இப்படித்தான்னு சொன்னேன். தட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்கலங்க. நாளைக்கும் அப்படியே சொல்லித்தான் கொண்டுவரணுமாம்."

"சரி" என்று மட்டும் சொன்னேன். ஆறாயிரம் அரிய சொற்கள் தெரிந்த ஆள் நான்.

ஆகஸ்ட் 10

பலகையில் இன்று: உணவுப் பண்டங்கள் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல். உச்சரிப்புக்கு இரண்டு கட்டம் போட்டேன். ஊருக்கு: விட்டில்ஸ். வீட்டுக்கு: விக்டுவல்ஸ். எழுதிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தேன். பழக்கம். பிறகு திரும்பிச் சன்னலையும் பார்த்தேன்.

சுடலைமுத்து ஆட்டோவை நிறுத்திப் படித்தார்.

"சார், இதுல நான் எதச் சொல்ல?"

"வண்டியில் ஏறுபவர்களிடம் முதலாவதைச் சொல்லும்."

"ரெண்டாவது?"

"ராத்திரி வீட்டுக்குப் போனதும் உம்ம வீட்டம்மாவிடம் சொல்லிப் பாரும்."

அவர் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் உள்ளே போய் மாலைக்கு வேண்டிய வெங்காயத்தை எடுத்து வைத்தேன்.